முகமாலையில் ஒரு கான்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

கண்ணிவெடி அகற்றும் வேலை பழகிவிட்டது, பயப்படாதீர்கள். போன வாரம் நீளமான ஒரு பள்ளத்தை நம் தோட்டத்து வடிகால் போல நினைத்து, "சரிவே இல்லாத தரையில யாருங்க கான் வெட்டினது? தண்ணி எப்படி ஓடும்?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்:

"இது பதுங்குகுழி, பிள்ளை. ஆனையிறவு முகாம் விழுந்தாப் பிறகு வருசக்கணக்கா சண்டை இங்கதான் நிண்டது. அங்கால இருக்கிறது மற்றப் பக்கத்தின்ர குழி."

நேற்று மழை. இரண்டு குழியிலும் தண்ணீர் ஓடாமல் நின்றது.

மடுல்சீமைத் தேயிலைத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது, இன்னும் ஒன்று மட்டும்.

நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கானை நீங்கள் குனிந்து வெட்ட வேண்டாம். தீபாவளிக்கு வந்து நானே வெட்டுகிறேன். அந்த மண்ணில் பயமில்லாமல் மண்வெட்டி போடலாம்.

உங்கள் மகள்
தனுஜா