லொறிப் பற்றரிக்குக் கலப்பத்து

செப்தெம்பர் 5, திங்கள். காரைநகர்.

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. கண்ணுக்குள் எல்லாம் உப்பு. விடிய லொறி எடுக்க முடியவில்லை. ஸ்டார்ட் பண்ணுகிற செல்ப் குமிழை அமர்த்த ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு சவம்போலக் கிடந்தது. கைபிடி போட்டுச் சுற்றினேன். நாற்பது தரம் இருக்கும். தோள்மூட்டு நொந்ததுதான் மிச்சம். எழுவைதீவு வள்ளக்காரர் மீனை இறக்கிவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மீன் கடகங்கள் எல்லாம் பஸ் கூரையில் யாழ்ப்பாணம் போயின. எனக்கு வெட்கக்கேடு.

பொனற்றைத் திறந்து பார்த்தேன். பற்றரியில் கூட்டல் குறி போட்ட முனையிலிருந்து செல்ப் மோட்டருக்குப் போகிற கேபிள். பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்துக் கிடந்தது. தொட்டதும் உள்ளே செம்புக் கம்பி மாவாய் உதிர்ந்தது. பொன்னாலைப் பாலத்தில் தினமும் கடல் தெறித்தால் வேறென்ன ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை இளவாலைக்குப் போக வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போன திரேசாவையும் பிள்ளையையும் கூட்டிவர. ஆறு நாள்.

மாமா சொன்னதை எழுதி வைக்கிறேன், கோபம் ஆறட்டும். மாமா என்றால் திரேசாவின் அப்பா. பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று இதே லொறி அவர் முற்றத்தில் நின்றுபோயிற்று. விருந்துக்கு வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். மாமா தள்ளவில்லை. கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்:

“பிள்ளையின்ரை முப்பத்தொண்டாம் நாள் துடக்கு கழிய வாற ஞாயிறு, இந்த லொறி தன்ரை பாட்டிலை வந்து நிண்டால் தாயையும் பிள்ளையையும் அனுப்புவன். இல்லாட்டில் மாரி முடியட்டும். தைக்குப் பிறகு பாப்பம்.”

“கார் பிடிச்சுக்கொண்டு வந்தால்?”

“அங்கை பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் ஆற்றை காரைப் பிடிப்பீர்?”

மனிதர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல். தை என்றால் நாலு மாதம். அதற்குள் பிள்ளை தவழத் தொடங்கிவிடும், இந்தத் தாடிக்காரன் யார் என்று பார்க்கும்.

செப்தெம்பர் 6, செவ்வாய்.

காற்று அப்படியே. பஸ்ஸில் யாழ்ப்பாணம். வாங்க வேண்டியவை: கேபிள். அப்பச்சோடா. சவர்க்காரம். குடைக்கு ஒரு கம்பி (மறந்துபோனேன்).

மோட்டார்ச் சாமான் கடை. முதலாளி வெற்றிலை வாயோடு, “எத்தினை அடி?” என்றார். நான் தூண்டில் நூலில் முடிச்சுப்போட்டு அளவு கொண்டுபோயிருந்தேன். நூலை மேசையில் போட்டேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அளவு பிசகாமல் வந்தது, அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

“கழட்டேக்கை கழித்தல் பக்கத்தை முதல் கழட்டும். பூட்டேக்கை அதைக் கடைசியாய்ப் பூட்டும். மாறிச் செய்தால் பொறி பறக்கும், பிறகு என்னட்டை வந்து கத்தக் கூடாது.”

“ஏன் ஐயா கத்திறன்?” என்றேன். தங்கமான மனிதன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

பஸ் கொண்டக்டர் கையில் திரேசாவின் கடிதம். ‘பிள்ளை நித்திரையில் சிரிக்கிறாள். மூக்கு உங்களுடைய மூக்குத்தான், பாவம். அப்பா கலண்டரைப் பார்த்தபடி திரிகிறார். எனக்கு இங்கே இருந்து இருந்து விசர் பிடிக்குது. வந்துவிடுங்கோ.’ நாலு தரம் வாசித்தேன்.

செப்தெம்பர் 7, புதன்.

வெயில். வேலை முடிந்தது!

கழித்தல் பக்கம் முதலில். பிறகு கூட்டல். பழைய கேபிள் கையோடு இரண்டாய் முறிந்து வந்தது. சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து முனைகளில் ஊற்ற நுரைத்துப் பொங்கியது. தேய்க்கத் தேய்க்க ஈயம் பளபளவென்று வந்தது. புதுக் கேபிளின் ஒரு நுனி செல்ப் மோட்டரில், மற்றது பற்றரியில் வர வேண்டும்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அப்படியே பூட்டிவிட்டால் நாளைக்கும் இதே உப்புத்தண்ணீர்தானே? லொறிக்கு வர முன்னம் ஊர்காவற்றுறையில் பதினொரு வருடம் வத்தைத் தோணிகளுக்குக் கலப்பத்து அடித்தவன் நான். பலகை இடுக்கில் பஞ்சுத்திரி அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினால் ரங்கூன் போய் வந்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. பற்றரி முனையைச் சுற்றித் திரி சுற்றினேன். குங்கிலியத்தை ஊற்றி, அதன்மேல் கேபிளின் வளையத்தைத் தட்டி இறக்கி, முறுக்கினேன். பிசகில்லை. கம்பனிக்காரருக்கு இந்தப் புத்தி ஏன் வரவில்லையோ.

குங்கிலியம் இறுக ஒரு இரவு வேண்டும். ஆகையால் லொறியைத் தொடவில்லை. நாளை பார்க்கலாம். பின்னேரம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தலையெல்லாம் வெள்ளை.

செப்தெம்பர் 8, வியாழன்.

அமர்த்தினேன். ‘டிக்’ கூட இல்லை.

மறுபடி. மறுபடி. ஒன்றும் இல்லை. இன்றும் மீன் பஸ்ஸில்தான் போயிற்று. வள்ளக்காரன் ஒருவன், “அண்ணை, லொறிக்குப் பாய் கட்டினால் என்ன?” என்றான். வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

குசினிக்குள் போய் இருந்து அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். திரேசாவுக்குக் கடிதம் எழுதினேன்: ஞாயிறு என்னை எதிர்பார்க்க வேண்டாம். தபால்பெட்டிவரை போனேன். போட மனம் வரவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

பிறகு கோபம் வந்தது. அந்தக் கடைக்காரன்! ஊத்தைக் கேபிளைத் தலையில் கட்டிவிட்டான். கழற்றி எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறினேன். கடையில் பத்துப் பேர் நின்றார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கத்தினேன். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஒரு பற்றரியையும் சின்ன பல்பையும் மேசையில் வைத்து, நடுவில் என் கேபிளைப் பிடித்தார். பல்பு எரியவில்லை.

“பாத்தீரோ! எல்லாரும் பாத்தியளோ!” என்று துள்ளினேன்.

முதலாளி கேபிளின் வளையத்தை முகர்ந்து பார்த்தார். “இது என்ன கறுப்பு?”

“குங்கிலியம்.”

“என்னத்துக்கு?”

“தண்ணி உள்ளுக்கை போகாமல்.”

பேனாக்கத்தியால் வளையத்தின் உள்பக்கத்தைச் சுரண்டி மறுபடி வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

“ஐயோ! தண்ணி போகாத இடத்தாலை கறண்ட் எப்பிடி ஐயா போகும்? டேய், எல்லாரும் கேளுங்கோ, இந்த மனுசன் பற்றரிக்குக் கலப்பத்து அடிச்சிருக்கிறார்!”

பத்துப் பேரும் சிரித்த சிரிப்பு கோட்டைவரை கேட்டிருக்கும். எனக்குக் காது சுட்டது. பிறகு என்ன நடந்ததோ, நானும் சிரித்துவிட்டேன். மூன்று நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். முதலாளி வெற்றிலைத் தட்டத்தை நீட்டினார்.

“ஈயம் ஈயத்தைத் தொடவேணும். இறுக்கிப் பூட்டின பிறகு மேலாலை கிறீஸ் பூசும், எவ்வளவும் பூசும். உம்முடைய எண்ணம் பிழையில்லை. பூசின நேரந்தான் பிழை.”

செப்தெம்பர் 9, வெள்ளி.

குங்கிலியம் முழுவதையும் சுரண்டி எடுக்க இரண்டு மணித்தியாலம். என் வேலை அவ்வளவு திறம், வரமாட்டேன் என்றது. நகக்கண்ணில் எல்லாம் கறுப்பு. கூட்டல் முதலில், கழித்தல் கடைசியில், பிறகு மேலால் கிறீஸ்.

அமர்த்தினேன். ஒரே அமர்த்தல். உறுமிக்கொண்டு எழும்பியது! “மாதாவே!” என்று கத்திவிட்டேன்.

மீன் கடகம் இருபத்தாறு. யாழ்ப்பாணம் போய்த் திரும்பினேன், வழியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கடைக்கு முன்னால் ஹோண் அடித்தேன். முதலாளி வெளியே வந்து இரண்டு கையையும் தூக்கினார். போடாத கடிதம் அடுப்புக்குள்.

செப்தெம்பர் 10, சனி.

காற்றுக் கொஞ்சம் தணிவு. லொறி கழுவினேன். சாம்பல், தேசிக்காய், வேப்பிலை. இன்னும் மணக்கிறது. இன்னொரு தரம் கழுவினேன். சும்மா, வருகிறதா என்று பார்க்கப் பதினொரு தரம் ஸ்டார்ட் பண்ணினேன். அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டி, “விசர் லொறிக்கோ உமக்கோ?” என்றா. இரண்டுக்கும் என்றேன்.

தாடி வழித்தேன். கன்னத்தில் வெட்டு.

செப்தெம்பர் 11, ஞாயிறு.

பூசை முடிய இளவாலை. மாமா படலையைத் திறந்து பிடித்தார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். முற்றத்துக்குள் போனதும், “நிப்பாட்டும்” என்றார். நிறுத்தினேன். “இப்ப எடும்.” எடுத்தேன், வந்தது. “நிப்பாட்டும். எடும்.” மூன்று தரம். மூன்று தரமும் வந்தது. மாமா வீட்டுக்குள் போய்விட்டார். சரி, காரியம் கெட்டது என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் குடை, மற்றக் கையில் மாட்டுவண்டிக் கயிறு, நல்ல தடிப்பம்.

“நானும் வாறன். வீடு எப்பிடி எண்டு பாக்கவேணும்.”

லொறியைக் கட்டி இழுக்கத்தான் கயிறு என்று எனக்கு விளங்கியது.

திரேசா நடுவில் இருந்தாள். மடியில் பிள்ளை, நல்ல நித்திரை. பாலத்தில் காற்று அடிக்கச் சேலைத்தலைப்பால் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

“இஞ்சருங்கோ, மீன் மணக்குது.”

“ரெண்டு தரம் கழுவினனான்.”

“மணக்கட்டும். நான் இனி வீட்டுக்குத்தானே போறன்.”

சந்தோசத்தில் கியரை மாற்ற மறந்துபோனேன். மாமா இருமினார்.

வந்து சேரப் பின்னேரம் மூன்று மணி. எஞ்சினை நிறுத்தினேன். நிறுத்தியதும் பிள்ளை கண்ணை விழித்து வீரிட்டாள். அப்படி ஒரு அழுகை! பால் கொடுத்தாள் திரேசா, இல்லை. ஏணையில் போட்டு ஆட்டினாள், இல்லை. மாமா தோளில் போட்டுத் தாலாட்டினார், அவர் குரலுக்கு இன்னும் கூட அழுதாள். கடைசியில் பிள்ளையோடு முற்றத்துக்கு வந்து லொறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கிணற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“தம்பி... அதை ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணும்.”

கலியாணம் கட்டின நாள் தொடங்கி அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. அமர்த்தினேன். வந்தது. இரண்டு நிமிடத்தில் பிள்ளை நித்திரை.

இதை லொறிக்குள் இருந்துதான் எழுதுகிறேன், எழுத்து நடுங்குகிறது. அரை மணித்தியாலமாய் எஞ்சின் ஓடுகிறது. பெற்றோல் போகுது என்று சொல்லிப் பார்த்தேன். மாமா பொனற்றோடு சாய்ந்துகொண்டு, பிள்ளையை அணைத்தபடி, வாயில் விரலை வைக்கிறார்:

“ஸ்ஸ். நிப்பாட்டிப் போடாதையும்.”