அப்பாவின் பூசைக்கு வந்த வைன்

போர்கோ வெக்கியோ,
பலெர்மோ, இத்தாலி.

அன்பு மகள் றம்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தம்பி றொஜரும் சுகம். நீயும் சுகமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி என் கோபத்தைச் சொல்கிறேன். போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அப்பாவின் முதலாம் ஆண்டுப் பூசைக்கு நீ வரவில்லை. ஸ்லோவாக்கியாவில் தோக்காய் என்ற மூலையில் இப்போதுதான் திராட்சை பறிக்கும் காலம், வர ஏலாது என்று சொல்லி, நீ வேலை செய்யும் தோட்டத்து வைன் இரண்டு போத்தல் அனுப்பினாய். நானும் விசரி மாதிரிச் சந்தோஷப்பட்டு, ஒன்றைக் காணிக்கைப் பவனியில் பீடத்துக்குக் கொண்டுபோனேன், என் மகள் அனுப்பியது என்று கோயிலில் ஒருவர் விடாமல் சொன்னேன். பவுல் சுவாமி அதைத்தான் கிண்ணத்தில் ஊற்றிப் பூசை வைத்தார். முடிந்து மண்டபத்தில் எல்லோரும் பற்றிஸ் சாப்பிடும்போது, கீழ்வீட்டு றஜிதா அந்த வைனின் பெயரைப் போனில் தேடிச் சத்தமாக வாசித்தாள். பூஞ்சணம் பிடித்து வற்றிப்போன பழத்தில் செய்வதாம். "ஐயோ அக்கா, பீலிக்ஸ் அண்ணையின்ரை பூசைக்கு அழுகின பழமோ குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். அத்தனை பேர் முன்னால் முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நீ அனுப்பிய மெசேஜ்களைத் திரும்ப வாசித்தேன். ஆற்றிலிருந்து மூடுபனி வருமாம், அதில் பழத்துக்குப் பூஞ்சணம் பிடிக்குமாம், பிடித்து வற்றிய பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பீர்களாம், கல்லில் குடைந்த நிலவறைச் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணமாம், அதைத் துடைக்கக்கூடாதாம். பிள்ளை, மொண்டெல்லோவில் வேலைக்குப் போன வீட்டுச் சிஞ்ஞோராவின் குளியலறைச் சுவரில் அந்தக் கறுப்பைத்தான் நான் வரெக்கினா பிளீச் ஊற்றி, மூக்கு எரிய எரிய உரஞ்சி, உன்னைப் படிப்பித்தேன். நீ அதைப் பார்த்து இரசிக்கப் போயிருக்கிறாய்.

அடுத்த நாள் சுவாமியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். சிரித்துவிட்டார். "திராட்சையிலை செய்தது தானே அம்மா, ஒரு குறையும் இல்லை, நல்ல வைன்" என்றவர், "மகள் ஏன் வரேல்லை?" என்று கேட்டார். பூஞ்சணத்துக்கு எத்தனையோ பதில் வைத்திருந்தேன், இதற்குத் திராட்சை பறிக்கும் காலம் என்று நீ சொன்னதையே சொல்லிவிட்டு வந்தேன். குளிரில் நின்று ஊரான் வீட்டுப் பழத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ள உனக்கு நேரம் இருக்கிறது, அப்பாவின் கல்லறையில் ஒரு மெழுகுதிரி கொளுத்த நேரமில்லையா? அவர் கடைசியாகக் கேட்டதும் நீ எப்போது வருவாய் என்றுதான்.

பூசையில் மிஞ்சிய வைனை நேற்று ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். தேன் மாதிரி இனித்துக் கடைசியில் மெல்லப் புளித்தது. நன்றாகத்தான் இருந்தது, அதில் கோபம் இன்னும் கூடிவிட்டது. மற்றப் போத்தலைத் திறக்கவில்லை. றொஜரின் கண்ணில் படாமல் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. வெறும் வயிற்றோடு போகாதே. ஆண்டவர் உன் கைகளைக் குளிரிலும் குலை வெட்டும் கத்தரிக்கோலிலும் இருந்து காக்கட்டும். நத்தார்ப் பண்டிகைக்கு வா, அந்தப் போத்தலை நீதான் திறக்க வேண்டும். திறக்காமல் வைத்தால் எத்தனையோ வருடம் கெடாது, அவசரமில்லை என்று எழுதியிருந்தாய். வைன் இருக்கும் பிள்ளை. நான் அவ்வளவு காலம் இருக்க மாட்டேன்.

கோபம் ஆறாத உன் அம்மா,
செலஸ்ரீனா