கேட்டை அடைத்து நிற்கும் வேன்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பன்னிரண்டு நாளாக நானும் அம்மாவும் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கிடக்கிறோம். எல்லாம் நம் வேனால்தான். அதன் என்ஜினில் தண்ணீர் பம்ப் ஒழுகியது, மெக்கானிக் நாலு நாள் ஆகும் என்றான், பிஸ்கட் கம்பெனி மெஷின்களை முப்பது வருடம் பிரித்து மாட்டியவனுக்கு இது ஜுஜுபி என்று நானே கழற்றினேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று கேட்டுக்கு நடுவில் நிறுத்திக் கழற்றியது என் புத்திசாலித்தனம். மாட்டி முடித்ததும் அம்மாவைப் பெருமையாகத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, கை கழுவி வந்து சாவியைத் திருப்பினேன். என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது. வேன் அடைத்து நிற்பதால் அம்மாவின் சக்கர நாற்காலி வெளியே போக வழியில்லை, தள்ளி ஓரம் கட்டலாம் என்றால் என் இடுப்புக்கு ஆகாது, அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட ரோஷம்.

பேட்டரிக்குச் சார்ஜ் போட்டேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பொறி பளிச்சென்று வருகிறது. பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேனோ என்று மறுபடி பிரித்துப் பார்த்தேன், அதுவும் சரி. கார்பரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினால் இரண்டு நொடி உறுமிவிட்டு அணைகிறது, அடைப்பு அங்கேதான் என்று மூன்று தடவை கழற்றி ஊதினேன். அம்மா ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தபடி, எதுக்கு இந்தப் பாடு, விட்டுத் தொலைங்களேன் என்பாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறும். பக்கவாதத்தில் போன அவள் இடது கையில் விரல் அசைய ஆரம்பித்ததே வியாழன்தோறும் கொடுக்கும் ஆஸ்பத்திரிப் பயிற்சியால்தான். போன வியாழன் போகவில்லை, நாளையும் வராவிட்டால் அவள் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று காலை ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வரலை பெரியவரே என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போனவன், இடது கதவோரம் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து, இதென்ன சுவிட்சு, ஆஃப்ல கெடக்கு என்றான். போட்டான், ஒரே திருப்பில் பிடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடனுக்கு டிமிக்கி கொடுக்க நீ ஒளித்து வைத்த சுவிட்ச் அது, நான் சுத்தமாக மறந்தே போனேன். அது இருப்பது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். நான் தொடவில்லை, நீ கடல் தாண்டி இருக்கிறாய்.

உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் மழுப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் என்னத் தூக்கி ஏத்திட்டுக் கதவப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கறீங்க, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனப்பா, உங்க இடுப்பும் போச்சுன்னா நம்ம ரெண்டு பேரையும் யாரு தூக்குவா என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது. போனால் என் இடுப்பு, போகாவிட்டால் அவள் கை, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். மத்தியானம் அவள் தூங்கும்போது, அவள் இஷ்டப்படியே ஆகட்டும் என்று அந்தச் சுவிட்சை நானே அணைக்கப் போனேன். அவள் சீட்டில் உட்கார்ந்து வலது கையை நீட்டினேன், எட்டவில்லை. எப்படி வளைந்து பார்த்தும் எட்டவில்லை. சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே இடது கையை விட்டால்தான் விரல் படுகிறது.

சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த வீட்டுக்காரரிடம் காலையில் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அவர் வருவாரா, இவள் ஏற ஒத்துக்கொள்வாளா, ஒன்றும் தெரியவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை நனைக்காதே. இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது, போனை இடது கையில் பிடிக்கச் சொல். அந்தக் கையால் முடியும் என்று நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

உன் பிடிவாதக்கார அப்பா