வேம்பாக நிற்கிற அக்காமேல் ஒரு முறைப்பாடு

என் அருமை அக்கா,

உன்னிடம் நலம் கேட்டு இதைத் தொடங்கப்போவதில்லை. உன் நலத்தைத்தான் தினமும் வாசலில் பார்க்கிறேனே. எதிரே ஆமி சோதனை போடுகிற செக்பொயின்ற் கூரையைத் தாண்டி வளர்ந்துவிட்டாய். மெலிந்துபோனவள் நான். அதை இந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

தலைநகரத்துக் காலி வீதியின் பஸ் தரிப்பிடத்தில் குண்டு வெடித்து நீ போன பிறகு, செத்தவர்களுக்கு ஆளுக்கொரு மரம் என்று எங்கள் ஒழுங்கை ஓரத்தில் நட்டார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே நினைவுக்கல். மற்றவர்களுக்கு மகிழங்கன்று. அம்மா மட்டும் வேம்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நட்ட அன்று கன்றுக்கு வெயில் படாமல் குடை பிடித்தவரும் அவர்தான். நான் பக்கத்தில் வெயிலில் நின்றேன்.

உனக்கு ஒளிப்பானேன், அக்கா? எனக்கு உன்மேல் பொறாமை. நீ உயிரோடு இருந்தபோது உன் பழைய சட்டைகளாவது எனக்கு வந்தன. இப்போது அதுவும் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் உனக்கு. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் முதல் வாளியும் உனக்கு. ஒருநாள் காய்ச்சலோடு வேலையால் வந்து படியேறுகிறேன், அம்மா கேட்கிறார், "அக்காவின்ர கொப்பு ஒண்டு வாடிக் கிடக்கு, கண்டனியோ?" செத்தவளோடு போட்டி போட்டு யாரால் வெல்ல முடியும், சொல்லு?

சித்திரை வருடப்பிறப்புக்கு மூலிகை காய்ச்சிய மருத்துநீர் வைத்து முழுகும்போது, தலையில் எந்த இலை, காலுக்குக் கீழே எந்த இலை என்று பஞ்சாங்கம் சொல்லும் அல்லவா? போன வருடம் வேம்பு காலுக்கு வந்தது. வாசலில் நீ அடர்ந்து நிற்க, அம்மா சந்தைக்குப் போய்க் காசு கொடுத்து வேப்பிலை வாங்கி வந்தார். "என்ர பிள்ளையை ஆரின்ர காலுக்குக் கீழ போடுறது?" என்றார். நானும் உங்கள் பிள்ளைதானே என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இந்தப் பங்குனியில் எனக்கும் அம்மாவுக்கும் கனடா விசா வந்தது. இங்கே ஒவ்வொரு வெடிக்கும் பிறகு வீடு வீடாகச் சோதனை. அம்மாவைத் தனியே விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் பிடித்தேன்.

"நான் வந்தா அவளுக்குத் தண்ணி ஆர் ஊத்துறது? நீ போ பிள்ளை. உனக்கு வாய் இருக்கு, கேட்டு வாங்கிச் சாப்பிடுவாய். அவள் பாவம்."

அன்றைக்கு உன் பக்கம் திரும்பியும் பார்க்காமல் வேலைக்குப் போனேன். நீ கவனித்திருப்பாய்.

வருடப்பிறப்புக்கு முதல்நாள் இரண்டு ஆமிக்காரர் கத்தியோடு வந்தார்கள். மரம் வீதியை மறைக்கிறது, வெட்டச் சொல்லி ஓடர் என்று சிங்களத்தில் சொன்னார்கள். அம்மாவின் சிங்களம் கடைக்குப் போய்வரத்தான் காணும். ஆனால் கத்தியைப் பார்த்தால் யாருக்கும் விளங்குமே. உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ கதை பிள்ளை. உனக்குத்தானே வடிவாக் கதைக்கத் தெரியும்."

நான் உடனே கதைக்கவில்லை, அக்கா. நீ போய்விட்டால் அம்மா என்னோடு வருவார். அதற்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். இத்தனை வருடத்தில் அன்றுதான் அம்மா வேறெங்கும் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்றும் ஆசையாக இருந்தது.

பிறகு, "மே மகே அக்கா" என்றேன். இது என்னுடைய அக்கா.

மூத்த ஆமிக்காரர் நினைவுக்கல்லைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "நங்கி, மரத்தை விடுறம். கீழ்க்கொப்புகளை வெட்டத்தான் வேணும்" என்று அவருடைய மொழியில் சொன்னார். நங்கி என்றால் தங்கச்சி. வெட்டி விழுந்த கொப்புகளில் ஒன்றையும் விடாமல் அம்மா பொறுக்கி உள்ளே கொண்டுபோனார்.

இந்த வருடம் பஞ்சாங்கத்தில் வேம்பு தலைக்கு. மறுநாள் காலை அந்தக் கொப்பிலிருந்து இலை கிள்ளி என் உச்சியில் வைத்து, மருத்துநீரைத் தடவினார். கையை எடுக்காமல் கனநேரம் வைத்திருந்தார்.

"அக்கா உன்ர தலையில இருக்கிறாள்" என்றார்.

அங்கேயும் நீதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அம்மாவின் கை என் தலையில்தான் இருந்தது. அதனால் குனிந்தே நின்றேன்.

அடுத்த கிழமை நான் போகிறேன். அம்மா உன்னோடு இருக்கிறார். என் வாயாலேயே கேட்டு அவரை உனக்கு வாங்கித் தந்திருக்கிறேன், மறந்துவிடாதே. பின்னேரங்களில் உன் அடியில்தான் கதிரை போட்டு இருப்பார். அப்போது அவர் என்னைப் பற்றியும் கதைப்பாரா? கதைத்தால் கவனமாகக் கேட்டு வை.

அந்தக் குளிருக்குள் வேம்பு இருக்காது என்கிறார்கள். ஒவ்வொரு சித்திரைக்கும் உன்னில் இரண்டு இலை பிடுங்கித் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எந்த வருடம் பஞ்சாங்கம் வேம்பைக் காலுக்குச் சொன்னாலும் நான் தலையில்தான் வைப்பேன். இது சத்தியம். ஆனால் தபால் உறையின் மேல் அம்மா தன் கையால் எழுதுவது என் பெயரை. அதில் உனக்குப் பங்கு கிடையாது.

உனக்குப் பின் பிறந்து, இன்றைக்கும் உன் பின்னால்தான் நிற்கிற
உன் தங்கச்சி