லொறிச் சட்டத்துக்குச் சிவப்புப் பெயின்ற்

12.8.93, வியாழன்

விடியவே சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. வளவு முழுக்கப் புழுதி. பெயின்ற் வேலைக்கு இதைவிடக் கெட்ட மாதம் இல்லை. மாதம் தெரிந்தெடுக்கிற நிலையில் நாங்களும் இல்லை.

லொறி இப்போது லொறியாக இல்லை. பெட்டியும் முன்கூடும் கழற்றி மாமரத்தடியில். எஞ்சின் கொட்டிலுக்குள், சாக்கு மூடி. மிச்சம் இரண்டு நீள இரும்பு, குறுக்கே ஐந்து இரும்பு, பனங்குற்றிகளின் மேல். அப்பா சேசிஸ் என்கிறார். அம்மா எலும்புக்கூடு என்கிறா. பத்து வருடம் ஆனையிறவு உப்பு ஏற்றியது. பிறகு மூன்று வருடம் சும்மா நின்றது. உப்புத் தின்ற இரும்பு, தட்டினால் செதில் செதிலாக விழுகிறது.

கூட்டுறவுச் சங்க மனேச்சர் சொன்னது: ஒன்றாம் திகதிக்கு முன் வாகனம் சரி என்று கண்டால் நிவாரண அரிசி ஏற்ற எடுப்பார்கள். மண்ணெண்ணெய் பெர்மிற் கிடைக்கும். அண்ணைக்குச் சாரதிக் கடிதம் கிடைக்கும். (அப்பாவின் கண்ணில் பூ விழுந்துவிட்டது, அவர் ஓட்ட முடியாது.)

கிடைக்காவிட்டால் அண்ணை கிளாலிக் கடலேரியால் போவான். போன ஞாயிறு சோறு போடும்போது சொன்னான், உப்புக் கேட்கிற மாதிரி. "இஞ்சை இருந்து என்ன செய்யிறது அம்மா? கடலேரி தாண்டினால் கொழும்பு, அங்காலை எங்கையாவது." அம்மா அகப்பையோடு நின்றா. நேவி சுடுகிற அந்தக் கடலேரியில் வள்ளம் ஏறினவர்கள் எல்லாரும் மறுகரை ஏறவில்லை. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே சேசிஸ்.

13.8.93

உரசல். அரத்தாள் இல்லை. மணலும் தேங்காய்ப் பொச்சும். விரல் நுனியெல்லாம் தோல் போய்விட்டது. நான் முன்பக்கம். பின்பக்கம், பாரம் தாங்குகிற வில்லுத்தட்டுப் பூட்டும் இடம், அப்பா மட்டும்.

"வில்லுக்குக் கிட்ட நான் பாக்கிறன். நீ உங்காலை போ, பிள்ளை."

கண் தெரியாத மனிதர் விரலால் தடவித் தடவிப் பார்க்கிறார். ஓரிடத்தில் கன நேரம்.

கிணற்றடியில் வைத்த அரைக்கட்டிச் சவர்க்காரத்தைக் காணவில்லை. சங்கத்தில் கிடைத்த கடைசிக் கட்டி. அம்மா காகத்தைத் திட்டினா, காகத்தின் தாயையும் திட்டினா. இனி உடுப்புத் தோய்க்கப் பனங்களிதான். இரண்டு நாளைக்கு எல்லாரும் பனம்பழமாக மணப்போம்.

வாசிகசாலையில் எடுத்த மொழிபெயர்ப்பு நாவலில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. யாரோ அடுப்புக்குக் கிழித்திருக்க வேண்டும். யுத்தத்துக்குப் போனவன் வந்தானா, தெரியாது.

15.8.93, ஞாயிறு

வல்வெட்டித்துறையிலிருந்து துரை மாமா வந்தார். அப்பாவின் பழைய கூட்டாளி, சொந்த வள்ளம் உள்ளவர். இருபது மைல் சைக்கிளில். கரியரில் முருங்கைக்காய்க் கட்டு, அதற்குள் ஒரு ரின் சிவப்புப் பெயின்ற். வள்ளத்துக்கு வாங்கி வைத்ததாம்.

"வள்ளத்துக்கு வேண்டாமோ மாமா?"

"கடலுக்கு விடாத வள்ளத்துக்கு என்ன சோடினை? அவள் வெள்ளைச் சீலையோடை இருக்கட்டும்."

அப்பா ரின்னை மூடியோடு முகர்ந்தார். எனக்கே வெட்கமாக இருந்தது, அவ்வளவு ஆசை.

அம்மா பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டு வந்தா. மாமா பழைய கதை எடுத்தார். "உன்ரை கொப்பர் மாங்குளத்திலை டீசல் ராங்கி ஓட்டையாகி நிண்டவர், பிள்ளை. என்ன செய்தார் தெரியுமோ? குளிக்க வச்சிருந்த சவர்க்காரத்தை உருட்டி அப்பினார். நேரே யாழ்ப்பாணம். குளிக்காமல் வந்து சேர்ந்தார், அதுதான் குறை."

எல்லாரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. கதை தன்னைப் பற்றியது என்பதால் என்று நினைத்தேன்.

16.8.93

காலையில் சாம்பல் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, சீலைத்துண்டால் துடைத்து. இரும்பு சாம்பல் நிறம். அழகு என்று கூடச் சொல்லலாம்.

பெயின்ற் களியாகத் தடித்திருந்தது. கரைக்க வேறொன்றும் இல்லை, மண்ணெண்ணெய்தான். அப்பா பின்பக்கமிருந்து: "கொட்டிலுக்கை நீல ரின் நிக்குது. எடுத்து விடு."

எடுத்தேன், விட்டேன், பனந்தும்பால் கலக்கினேன். பட்டுப்போல் கரைந்தது. இரண்டு பேரும் பொழுதுபடும் வரை அடித்தோம். பின்வில்லுப் பக்கம் அப்பாவே. இரண்டு பூச்சு.

முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது அண்ணையும் வந்தான். "கலியாண வீட்டுப் பந்தல் மாதிரிக் கிடக்கு." அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். இல்லையென்றால் நான் அப்படி எழுத விரும்புகிறேன்.

18.8.93

காயவில்லை.

20.8.93, வெள்ளி

காயவில்லை. ஒட்டியிருப்பவை: எறும்பு, பனந்தும்பு, கோழிச்சிறகு, வளவுப் புழுதி, என் சட்டைக் கையின் நூல்.

"துரை பழசைத் தந்து ஏமாத்திப் போட்டான்," என்றார் அப்பா. வல்வெட்டித்துறைக்குப் போகிற வாத்தியார் ஒருவரிடம் சொல்லியும் விட்டார், பெயின்ற் பழுது என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பின்னேரம் அண்ணை கொட்டிலுக்குள் கூப்பிட்டான். இரண்டு நீல ரின். ஒன்றில் மண்ணெண்ணெய். மற்றதில் எஞ்சின் ஓட்டிப் பார்க்க அவன் கலந்து வைத்தது. டீசல் இல்லாத ஊரில் எஞ்சின் மண்ணெண்ணெய் குடிக்கிறது. வெறும் மண்ணெண்ணெய் எஞ்சினை அரித்துவிடும் என்று தேங்காயெண்ணெய் சேர்க்கிறார்கள். குறைந்திருந்தது அந்த இரண்டாவது ரின்தான்.

முகர்ந்தேன். எங்கள் குசினி மணம்.

"எடியே, லொறியை நீ பொரிச்செல்லோ போட்டாய்! இனி உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் சரி." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்த வருடம் அவன் அப்படிச் சிரித்து நான் காணவில்லை.

"அப்பாவுக்குச் சொல்லவேணும். துரை மாமா பாவம்."

"விடு. மனேச்சர் வந்து போகட்டும். பிறகு சொல்லலாம்."

விட்டேன். சொல்லாமல் விடுவது எவ்வளவு சுகம்.

22.8.93, ஞாயிறு

அப்பா கோயிலுக்கு. ஈரப் பெயின்ற்றைத் துடைத்தெடுக்க முடியுமா என்று ஓரிடத்தில் பார்க்க நினைத்தேன். ஆள் பார்க்காத இடமாக, பின்வில்லுக்குக் கிட்ட, இடப்பக்கம். சீலைத்துண்டில் சிவப்போடு வேறு ஒன்றும் வந்தது. மஞ்சள். மெழுகு மாதிரி. முகர்ந்தேன்.

சவர்க்காரம்.

நகத்தால் கிண்டினேன். அதன் கீழே வெடிப்பு. மேல் விளிம்பிலிருந்து கீழே, ஒரு சாண். சங்கத்தில் இருந்து வந்த அரைக்கட்டி, காகம் தின்னாத அரைக்கட்டி, அதற்குள் நிறைத்து, மேலே இரண்டு பூச்சு.

மாங்குளம் ராங்கி.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். யாருக்கு? பெயின்ற்றை விரலால் தடவி மூடிவிட்டேன். அவருடைய விரலடையாளத்துக்கு மேல் என்னுடையது.

23.8.93

கிணற்றடி. அப்பா முகம் கழுவிக்கொண்டு நின்றார்.

"அப்பா, சவர்க்காரம் காகம் கொண்டுபோகேல்லை, என்ன?"

வாளியைக் கீழே வைத்தார். "கண்டிட்டியோ."

"ஒட்டலாமெல்லோ?"

"ஒட்ட ஆளிருக்கு, கறண்ட் இல்லை. தகடு வச்சு ஆணி தறைய இரும்பு இல்லை. உது ஒரு வருஷம் நிக்கும், பாரம் குறைச்சு ஏத்தினால்."

"சங்கம் குறைச்சு ஏத்துமோ?"

முகத்தைச் சால்வையால் துடைத்தார்.

"அண்ணையெல்லோ ஓடப்போறான்."

"அதுக்காகத்தான் அடைச்சனான்." எனக்கு முகம் காட்டாமல் சொன்னார். "லொறி முறிஞ்சால் றோட்டிலை கிடக்கும், பிள்ளை. ஆளை இழுத்தெடுக்கலாம். கடலேரியிலை ஆர் போய் ஆரை இழுக்கிறது?"

வாளியை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தேன். இவ்வளவு புத்தகம் வாசித்து என்ன?

25.8.93

மனேச்சர் வந்தார். மெலிந்த, நல்ல மனிதர். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். முன்பக்கம் விரல் வைத்தார், சிவப்பாயிற்று.

"காயேல்லையே அண்ணை."

"வள்ளத்துப் பெயின்ற். ஆறுதலாய்த்தான் காயும்," என்றார் அப்பா.

பூவரசம் இலையில் விரலைத் துடைத்தார். பின்பக்கம் குனிந்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு. அப்பாவின் கண்கள் எங்கே பார்க்கின்றன என்று சொல்ல முடியாது, பூ விழுந்த கண்கள்.

"நல்ல வேலை," என்றார் மனேச்சர். "ஒண்டாந்திகதிக்குள்ளை பூட்டி முடியுங்கோ."

அண்ணைக்குக் கை கொடுத்தார். அம்மா குசினிக்குள் அழுகிற சத்தம். சந்தோஷத்தில் அவ அழுவது இப்படித்தான்.

படலையில் வைத்து மனேச்சர்: "தம்பி, ஒண்டு சொல்லவேணும். அரிசி மூடைக்கு மேலை சனமும் ஏறும். பிள்ளையளோடை வருங்கள். மறிக்கேலாது, மனமும் வராது. மெல்லமாய் ஓடு."

"ஓம் ஐயா," என்றான் அண்ணை.

26.8.93

சொல்லிவிட்டேன்.

சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். முழங்காலிட்டுத் தீக்குச்சி ஒன்றை வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தான். தலை வரைக்கும் போனது. தீக்குச்சியை வீணாக்காமல் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான்.

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"அவர்தான் அடைச்சவர்."

எழும்பினான். முழங்காலில் சிவப்பு.

"மனேச்சரிட்டைப் போறன்."

"வெடிப்பெண்டு சொல்லப்போறியோ?"

"சொன்னால் அப்பா அந்த மனுசன்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? ஓட விருப்பமில்லை எண்டு சொல்லிறன். எனக்குத் தெரியுமெண்டு அப்பாவுக்குச் சொல்லாதை. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். இப்போது என்னிடம் மூன்று இரகசியம். எண்ணெய், சவர்க்காரம், இது. மூன்றும் ஒரே இரும்பில்.

27.8.93

வீடு முழுக்கச் சத்தம்.

"இரண்டு கிழமை உரசினது ஆருக்கெடா? எனக்கோ? குருடனுக்கோ?"

"நான் கேட்டனானோ அப்பா?"

"லொறி ஓடுறது உனக்குக் குறைச்சலோ?"

"ஓம். குறைச்சல்தான்."

அந்தச் சொல் அவன் வாயில் எவ்வளவு பாரமாக இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். அப்பா கையை ஓங்கினார், எங்கே ஓங்குவதென்று தெரியாமல் இறக்கினார். அம்மா நடுவில். பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால்: "என்ன பிள்ளையள், செத்த வீடோ?"

இல்லை ஆச்சி. இன்னும் இல்லை.

28.8.93

கரண்டிக் காம்பால் சவர்க்காரத்தைக் கிண்டி எடுத்தேன். எடுக்கத் தேவையில்லை. ஆனால் எடுத்தேன். கழுவி உருட்டிச் சிரட்டையில் வைத்தேன்.

"காகம் திருப்பிக் கொண்டந்து போட்டிட்டுதோ?"

"ஓம் அம்மா."

அம்மா என்னையும் பார்த்தா, சிரட்டையையும் பார்த்தா. அண்ணையின் இரண்டு வெள்ளைச் சேட்டையும் அதால்தான் தோய்த்தா. பனங்களி மணத்தோடு கொழும்புக்கு அனுப்ப முடியாதாம். நுரை இளஞ்சிவப்பு. ஒரு சேட்டின் கழுத்தில் அந்த நிறம் நின்றுவிட்டது. அலசி அலசிப் பார்த்தா.

30.8.93, திங்கள்

போய்விட்டான். பகல் இரண்டு மணி.

பையில்: சேட் 2, சாரம் 1, பரீட்சைச் சான்றிதழ், வறுத்த மா, விபூதிப் பை. அந்த வாசிகசாலை நாவலைக் கேட்டான். கடைசிப் பக்கம் இல்லை என்றேன். "பரவாயில்லை, நீயே எழுதிப் போடு," என்றான்.

அப்பா சேசிஸுக்குப் பக்கத்தில் இருந்தார். எழும்பவில்லை. அண்ணை அவர் காலைத் தொட்டான். அப்பாவின் கை அவன் தலைக்குப் போகும் வழியில் தோளில் பட்டு நின்றது.

"கவனம்," என்றார். அவ்வளவுதான்.

படலையில் என்னிடம்: "பெயின்ற் காய்ஞ்சால் கடிதம் போடு."

31.8.93

காற்று.

4.9.93

கடிதம் இல்லை. மனேச்சர் வேறு லொறி பார்த்துவிட்டாராம். கடலேரியில் போன கிழமை ஏதோ நடந்தது என்று பாண்காரர் சொன்னார். எந்த நாள் என்று கேட்டேன். அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அம்மா போய் அவரைக் கேட்கக்கூடாது என்று, இன்று பாண்காரர் வரவில்லை என்றேன். பாணை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் எஞ்சினுக்கு மூடிய சாக்குக்குள் வைத்தேன்.

7.9.93

இல்லை.

அப்பா காலையில் போய்ப் பின்வில்லுக்குக் கிட்ட விரல் வைத்தார். வெடிப்பு வெறுமையாக இருந்தது. எனக்குத் தெரிந்தது, அண்ணை ஏன் மாட்டேன் என்றான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. திரும்பி வந்து படுத்தார். இன்னும் படுத்திருக்கிறார்.

12.9.93, ஞாயிறு

இல்லை. பதின்மூன்று நாள்.

மத்தியானம் படலையில் சைக்கிள் மணி. மூன்று பேரும் எழும்பினோம், அப்பா உட்பட. துரை மாமா. கரியரில் ரின்.

அப்பா திரும்ப உள்ளே போய்விட்டார். மாமா அதைத் தன் பிழையாக எடுத்துக்கொண்டார். என்னோடுதான் கதைத்தார், சத்தம் தாழ்த்தி.

"வாத்தியார் சொன்னவர், பிள்ளை. பழசெண்டு எனக்குத் தெரியாது, சத்தியமாய். தெரிஞ்சு செய்வனோ? உது புது ரின். மருமேன்ரை வள்ளத்துக்கு வச்சிருந்தது, கெஞ்சி வாங்கினனான். கொப்பரைக் கோவிக்க வேண்டாமெண்டு சொல்லு."

இருபது மைல். கழுத்தெல்லாம் வியர்வை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி குடியுங்கோ மாமா" என்று வந்தது.

"தம்பி எங்கை? லொறி ஓடத் தொடங்கிட்டானோ?"

"வெளியிலை போயிட்டான், மாமா."

அவர் எழும்பிப் போய்ச் சேசிஸைச் சுற்றி நடந்தார். முன்பக்கம் நின்று விரல் வைத்து அழுத்தினார். எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் காயேல்லையே, பிள்ளை."