மரம் வாங்க வந்தவன்

அன்புள்ள மனைவி கமறியாவுக்கு ஸலாம். உனக்கும் உம்மாவுக்கும் சுகந்தானே? பட்டிப்பொல குளிரில் நானும் சுகம்.

முதுகலை ஆய்வுக்காகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலுள்ள மரங்களை அளந்தேன். முன்பு மர வியாபாரம் செய்த என் கை, பழக்கத்தில் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டது. லயத்திலிருந்து பிரியந்தி என்ற பெண் ஓடிவந்தாள்.

"வெட்டவா வந்தீங்க மொதலாளி?"

"வனவியல் படிக்கிறேன் தங்கச்சி."

"இந்த வயசிலயா?" சிரித்துவிட்டாள். "மரம் நின்னா மண்ணு எங்க மேல சரியாதுதானே?"

"சரியாது" என்றேன்.

சரியும். மேலே நிலம் வெடித்திருப்பதை அளந்தவன் நான்தான். சரக்கு விற்கக்கூட இப்படிப் பொய் சொன்னதில்லை. நாளை போய் உள்ளதைச் சொல்லிவிடுவேன். எங்கே போவதென்று கேட்பாள்.

நீ போர்த்திய போர்வை ஒன்று அனுப்பு, புதியது வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லொறிக்காரர் கூப்பிடுகிறார். அவளுக்கு என்ன பதில் சொல்லலாமென்று நீயும் யோசி.

ஜமால்தீன்