உரக்க அழுதவன் மடி

ஆகஸ்ட் 4, திங்கள்

பக்கத்துத் தையல்கடை ராமையாவின் அண்ணன் சொக்கலிங்கம் நேற்று இறந்துவிட்டார். இன்று காலை பிடாடாரி இடுகாட்டில் அடக்கம். மழை. செருப்பெல்லாம் சேறு. புறப்படும்போது அவர் மனைவி மீனாட்சி ஒரு மூலையில், சத்தமே இல்லை. ராமையா அழுத அழுகை சிராங்கூன் ரோடு முழுக்கக் கேட்டிருக்கும். தாங்கிப் பிடிக்க ஆள் இருந்த பக்கமாகப் பார்த்துத்தான் சாய்ந்தார்.

துவரம் பருப்பு இரண்டு மூட்டை நனைந்துவிட்டது. என் மளிகைக்கடையில் இடம் போதவில்லை. ராமையா கடை முன்னால் கூரைக்குக் கீழே ஐந்தடிப் பாதை, நடைபாதைதான், சும்மா கிடக்கிறது. கேட்டால் தரமாட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். வழக்கம்போல் கடை திறந்ததும் வாசல் கரும்பலகையில் ஒரு வாசகம். படிக்க ஆள் நிற்கிறது. நின்றவன் வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு ஏதாவது வாங்குகிறான்.

போன வாரம் நன்றாக ஓடியவை:

உதவி வாங்கியவன் தெருவில் பார்த்து ஒதுங்கினால், மறந்துவிட்டான் என்று நினைக்காதே.

புகழ்ந்தவனுக்குக் கோப்பி வரும். உண்மை சொன்னவனுக்கு நாற்காலிகூட நகராது.

இன்று எழுதியது:

சாவு வீட்டில் எல்லாரையும்விட உரக்க அழுகிறவன் மடியைத் தடவிப் பார். சாவி இருக்கும்.

அழுகை ராமையாவுடையது. சாவி என் கற்பனை. வாசகத்துக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது.

என் மனைவி படித்துவிட்டு, "பாம்புக்குப் பல்லுலதான் விஷம். உங்களுக்குச் சாக்கட்டியிலேயும்" என்றாள். சோறு மட்டும் சூடாகப் போட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

பலகையை மாற்றவில்லை. ஓடுகிற சரக்கை எதற்கு எடுப்பது.

கோப்பிக் கடையில் ராமையா நுழைந்ததும் எல்லார் கண்ணும் அவர் வேட்டி மடிப்புக்குப் போனதாம். "என்னா ராமையா, இடுப்பு கனக்குதா?" என்று ஒருவர் கேட்டாராம். ராமையாவின் கை தானாக இடுப்புக்குப் போனதாம். அதோடு சிரிப்பு நின்றுவிட்டதாம்.

துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுபோன என் மனைவி ஒரு செய்தியோடு வந்தாள். சொக்கலிங்கத்தின் பெட்டிச் சாவியைக் காணோம். மீனாட்சியின் நகை எல்லாம் அதற்குள். உடனே போய் ராமையாவிடம் கேளுங்கள் என்றாள். கேட்டால் இல்லை என்பான், பொறு, தானாக வருவான் என்றேன். அந்த அம்மா அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறாள் என்றாள். அப்போதும் பொறு என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மந்தாரம். கடை திறக்குமுன் பின்வாசலில் ராமையா. தைக்கக் கொடுத்த துணியை ஆட்கள் திருப்பி வாங்கிப் போகிறார்களாம்.

"அண்ணே, பலகைய அழிச்சிடுங்க லா. பத்திரமா இருக்கட்டும்னுதான் எடுத்து வச்சேன்."

எதை என்று நான் கேட்கவே இல்லை.

சாவி விஷயம் உங்களுக்கு யார் சொன்னது என்றார்.

"நீங்கதான். இப்ப."

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை அழுகைக்குச் சத்தமே இல்லை.

இனி நினைவில் வைக்க: பெயர் போடாமல் எழுது. உரியவன் வந்து வாங்கிக்கொள்வான்.

பேசி முடித்தது: சாவி மத்தியானத்துக்குள் மீனாட்சி கையில், என் மனைவி முன்னிலையில். அவர் கடை முன் ஐந்தடிப் பாதை, தூண் வரை, இனி என் மூட்டைகளுக்கு. வாடகை கிடையாது. பலகையை நான் அழிக்கமாட்டேன். நாளைக் காலை ஆள் கூடிய பிறகு அவரே வந்து அழிக்க வேண்டும். ஈரத்துணி என் செலவு.